பாக்கியம் படிக்காத கடிதம்

போன மாதம் தினேஷ் போன் செய்தான். நான் கடைசியாக வேலை பார்த்த தாம்பரம் கிளையில் இப்போது அவன்தான் மேலாளர். நலம் விசாரித்தான், முட்டிவலி விசாரித்தான், அஸ்தினாபுரத்தில் தண்ணீர் லாரி வருகிறதா என்று கூட விசாரித்தான். இவ்வளவு விசாரித்தால் ஏதோ காரியம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? கடைசியில் விஷயத்துக்கு வந்தான்.

"மேடம், ரிஜெக்ட்டுக்கு நல்ல தமிழ் வார்த்தை ஒண்ணு சொல்லுங்க."

சிறு தொழில் கடனுக்கு இப்போது ஆப் வந்துவிட்டது. கடை வைத்திருப்பவர், பட்டறை வைத்திருப்பவர் எல்லாம் செல்போனிலேயே விண்ணப்பிக்கலாம். நான்கு நிமிடத்தில் உண்டு, இல்லை என்று பதில் வந்துவிடுமாம். அந்தப் பதில் தமிழிலும் போக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. சாப்ட்வேர்காரர்கள் ஒரு வாசகம் எழுதி அனுப்பியிருக்கிறார்கள், கிளைகளின் கருத்தைக் கேட்டிருக்கிறார்கள். தினேஷ் அதை எனக்குப் படித்துக் காட்டினான்: "தங்களது கடன் விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்பட்டுள்ளது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து இருமல் வந்து, மருமகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தினேஷ் பயந்துபோய், "மேடம், மேடம்" என்று கத்திக்கொண்டிருந்தான். எந்த வார்த்தையை வேண்டுமானாலும் போடு, அந்த ஒரு வார்த்தையை மட்டும் போடாதே என்றேன். ஏன் என்று கேட்டான். போனில் சொல்கிற கதையில்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அதுதான் இது.

என் பூர்வீகத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். எம்.காம். படித்தேன், பரீட்சை எழுதினேன், கேஷியராக நுழைந்தேன். எட்டு வருடம் கண்ணாடிக்குப் பின்னால் நோட்டு எண்ணினேன். பிறகு ஆபீசர் பரீட்சை எழுதித் தேறினேன். பயிற்சிக் கல்லூரியில் ஆறு வாரம் உட்காரவைத்து விகிதம், சதவீதம் என்று என்னென்னவோ சொல்லிக்கொடுத்தார்கள். அதில் எனக்கு இன்றும் நினைவிருப்பது அந்த மெஸ்ஸின் கத்திரிக்காய்க் கொத்சு மட்டும்தான். அப்புறம் தாம்பரம் கிளையில் சிறு தொழில் கடன் மேஜையில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள்.

அந்த மேஜையின் வேலை இதுதான். மேலே ஒரு வளர்ச்சி நிறுவனம் எங்கள் வங்கிக்குக் குறைந்த வட்டியில் பணம் தரும். அதை நாங்கள் எங்கள் வட்டாரத்துச் சிறு தொழில்களுக்குக் கடனாகக் கொடுக்க வேண்டும். டெல்லியில் இருப்பவருக்குப் பீர்க்கன்கரணையில் யார் நாணயமானவர் என்று எப்படித் தெரியும்? எனக்குத் தெரிய வேண்டும். அதற்காக எனக்கு ஒரு ஸ்கூட்டர், மாதம் இத்தனை லிட்டர் பெட்ரோல், ஒரு இன்ச் டேப். எதற்கு இன்ச் டேப் என்று நானும்தான் கேட்டேன். "தேவைப்படும்" என்று சொன்னார் மேலாளர் ராமதுரை.

ராமதுரை சாரைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. ஒல்லியான மனிதர், எப்போதும் வெள்ளைச் சட்டை, சர்க்கரை வியாதி, சந்தேக புத்தி. சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்று பயந்தவர் மாதிரி இருப்பார். நீங்கள் எந்த யூனிட்டைப் பார்த்துவிட்டு வந்தாலும் முதலில் ஃபைலைக் கேட்க மாட்டார். "குப்பை எவ்வளவு இருந்தது?" என்று கேட்பார். முதல் தடவை நான் திருதிருவென்று விழித்தேன். மெஷின் எத்தனை, ஆள் எத்தனை, ஆர்டர் எவ்வளவு என்று எல்லாம் எழுதிவந்திருந்தேன். குப்பையை யார் பார்ப்பார்கள்? திருப்பி அனுப்பிவிட்டார். மறுபடி படப்பை வரை வெயிலில் போய், ஒரு லேத் பட்டறையின் பின்பக்கம் இரும்புச் சுருள் எவ்வளவு குவிந்திருக்கிறது என்று பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன். கணக்குப் புத்தகத்தில் யாரும் எதையும் எழுதலாம், வேலை நடக்காத இடத்தில் கழிவு மட்டும் வராது என்பது அவர் கட்சி. எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் அந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போகவே இல்லை. இன்றைக்கும் ஓட்டலுக்குப் போனால் பின்பக்கத்து இலைத்தொட்டியைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன்.

அவருடைய இன்னொரு சட்டம்தான் இந்தக் கதைக்கு முக்கியம். வாடிக்கையாளருக்குப் போகிற கடிதம் எல்லாம் தமிழில்தான் போக வேண்டும். ஆங்கிலத்தில் போனால் அதை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்காரரிடம் ஓடுவார்கள். அவர் தனக்குத் தெரிந்த அர்த்தத்தைச் சொல்லுவார், கடையில் நிற்கிற நாலு பேருக்கும் வீட்டுச் சமாசாரம் தெரிந்துபோகும். அதனால் தமிழ். அதுவும் எழுதி முடித்தவுடன் தபாலில் சேர்க்கக் கூடாது. பாக்கியம் படிக்க வேண்டும்.

பாக்கியம் எங்கள் கிளையைப் பெருக்கித் துடைத்து, டீ வாங்கித் தருகிறவர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அவரைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுப்பார் சார். பாக்கியம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சத்தமாகப் படிப்பார். படித்துவிட்டு, இதில் என்ன சொல்லியிருக்கிறது என்று தன் வாயால் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் கையெழுத்து. "புரியலயே சார்" என்றால் எழுதியவர் திருப்பி எழுத வேண்டும். ஒருமுறை நான் அடமானத்துக்கு "ஈட்டுறுதி" என்று எழுதியதைப் பாக்கியம் ஈட்டி சம்பந்தப்பட்ட ஏதோ ஆயுதம் என்று எடுத்துக்கொண்டார். கிளையே சிரித்தது. எனக்குக் காது சிவந்துவிட்டது. எம்.காம். படித்தவளின் தமிழைத் திருத்துவதற்கு டீ வாங்கித் தருகிற அம்மாவா? வீட்டுக்குப் போய் என் கணவரிடம் புலம்பித் தள்ளினேன். அவர், "அந்தம்மா சொல்றது சரிதானே" என்றார். அன்றைக்கு அவருக்குத் தோசை கிடையாது.

இனி கஸ்தூரி. கோவளம் பக்கத்து மீனவக் குப்பத்தில் பிறந்து, பீர்க்கன்கரணையில் வாழ்க்கைப்பட்டவர். பல வருடம் கூடையில் மீன் வைத்துத் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் விற்றவர். கையெல்லாம் செதில் கீறிய தழும்பு. ஒரகடம் பக்கம் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு வாடிக்கையாளர், பார்க்கப் பாவமாக இருக்கிறதே என்று ஒரு ஜோடி பழைய பருத்திக் கையுறையைக் கொடுத்திருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் மாட்டிக்கொண்டு போயிருப்பார்கள். கஸ்தூரி அதைப் பிரித்துப் பார்த்து, இது எங்கே பின்னுகிறார்கள், ஒரு தொழிற்சாலைக்கு மாதம் எத்தனை ஜோடி வேண்டும், யார் கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். கேட்டுக்கொண்டே போய் எங்கள் கிளையில் வந்து நின்றார்.

"கையுறை பின்ற மெஷின் நாலு வேணும் மேடம். அத்த வாங்க லோன் வேணும். மீன் வித்த துட்டு கொஞ்சம் கீது, அத்த நான் போடறேன். மீதிய நீங்க போடுங்க" என்றார். கடன் கேட்கிறவர்கள் பொதுவாகக் குழைவார்கள். இந்த அம்மாள் கூட்டு வியாபாரம் பேசுவது மாதிரி பேசினார்.

போய்ப் பார்த்தேன், எழுதினேன், சார் சந்தேகப்பட்டார், மறுபடி போய்ப் பார்த்தேன். கடன் கொடுத்தோம். ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தகரக் கொட்டகையில் நாலு மெஷின் ஓட ஆரம்பித்தது. விரலை மூடித் தைக்க, ஓரம் அடிக்க, ஜோடி சேர்த்துக் கட்ட என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர். மாதம் ஐந்தாம் தேதியானால் கஸ்தூரியே நேரில் வந்து தவணை கட்டுவார். கவுன்ட்டரில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என்னுது கட்டிட்டேன் மேடம்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போவார். குப்பை மூட்டையும் நிறைய இருந்தது, சாரும் திருப்தி.

அடுத்த மழைக்காலத்தில் ஏரி நிரம்பி, தண்ணீர் தெருவுக்குள் வந்து, கொட்டகைக்குள் இடுப்பளவு நின்றது. மோட்டார் எல்லாம் வீண். அனுப்புவதற்குக் கட்டி வைத்திருந்த கையுறை மூட்டைகள் சேற்றில் ஊறிவிட்டன. கஸ்தூரி அழவில்லை. மோட்டாரைக் கழற்றி, எரிந்த கம்பிக் காயிலைத் திரும்பச் சுற்றக் கொடுத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். ஆறு மாதம் தவணையைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டார். மனு எழுதி வாங்கி மண்டல அலுவலகத்துக்கு அனுப்பினேன். சேதத்துக்கான ஆதாரம் போதவில்லை, கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்று அங்கிருந்து ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது.

அதைக் கஸ்தூரிக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த வாரம் சார் மகள் கல்யாணத்துக்காக விடுப்பில் இருந்தார். கிளையில் நான்தான் ராணி. நல்ல தமிழில், யாரும் குறை சொல்ல முடியாதபடி எழுதினேன்: "தங்களது கடன் மீதான தவணை ஒத்திவைப்பு மனு, உரிய பரிசீலனைக்குப் பின் தள்ளுபடி செய்யப்பட்டுள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்." கீழே எஸ்தர் என்று வளைத்துக் கையெழுத்துப் போட்டேன். பாக்கியம் டீயை வைத்துவிட்டு அங்கேயே நின்றார். "படிச்சிக் காட்டட்டுமா மேடம்?" என்றார். சார் வந்த பிறகு எழுதுவதைப் படித்தால் போதும் என்று சொல்லிக் கவரை ஒட்டித் தபாலில் சேர்த்தேன். பாக்கியம் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து ஒரு ஆட்டோக்காரர் ஒரு பெரிய லட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். கஸ்தூரி அக்கா கொடுக்கச் சொன்னார்கள் என்றார். மோட்டார் சரியாகி மெஷின் ஓட ஆரம்பித்திருக்கும், அதுதான் இனிப்பு என்று நினைத்தேன். நான் இரண்டு லட்டு தின்றேன். கல்யாண விடுப்பு முடிந்து வந்திருந்த சார், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு ரூமுக்குள் போனார்.

அந்த மாதம் ஐந்தாம் தேதி கஸ்தூரி வரவில்லை. வெள்ளத்தில் அடிபட்டவர், கொஞ்சம் தாமதமாகும் என்று விட்டுவிட்டேன். அடுத்த மாதமும் வரவில்லை. போன் செய்தேன். பின்னால் மெஷின் சத்தம் கடகடவென்று கேட்டது. "உங்க புண்ணியத்துல நல்லாகீறோம் மேடம். உங்கள சாவற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்று கத்தினார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. தவணையைப் பற்றிக் கேட்க வாயே வரவில்லை. மூன்றாவது மாதமும் வரவில்லை. தொண்ணூறு நாள் தவணை வராவிட்டால் அந்தக் கணக்கு வாராக்கடன் பட்டியலில் ஏறிவிடும். ஏறினால் அவர் பெயர் எல்லா வங்கியிலும் கெட்டுவிடும். ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்று அவரிடம் நேரடியாகவே வாங்குவதாகச் சொல்லி, வங்கியிடமிருந்து நற்சான்று கேட்டிருந்தது. அதுவும் போய்விடும். கடைசியில் மெஷினையும் ஜப்தி செய்ய வேண்டிவரும். பட்டியலுக்கு ஒன்பது நாள் இருந்தபோது ஸ்கூட்டரை எடுத்தேன்.

போகிற வழியெல்லாம் எனக்குள் கோபம் கொதித்தது. கொட்டகையில் நாலு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. ஓரம் அடிக்க ஒரு பழைய ஓவர்லாக் மெஷின் புதிதாக வந்திருந்தது. நாலு பெண்கள் ஆறாகியிருந்தார்கள். மூலையில் நூல் கழிவு மூட்டை மூட்டையாக இருந்தது. தொழில் அமோகமாக நடக்கிறது, நமக்குக் கட்டத்தான் மனசில்லை என்று முடிவு கட்டினேன். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன். மெஷின் வாங்கக் கை வருகிறது, ஆள் வைக்கக் கை வருகிறது, தவணை கட்ட மட்டும் வரவில்லையா என்று ஆறு பெண்கள் முன்னால் கேட்டேன். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

கஸ்தூரி கோபப்படவில்லை. குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்.

"இன்னா மேடம் இப்பிடி கேக்கறீங்க? நீங்கதானே தள்ளுபடி பண்ணி லெட்டர் குட்தீங்க?"

உள்ளே போய்ச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தார். என் கடிதம். லேமினேட் செய்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமப் பொட்டு வைத்திருந்தது. கஸ்தூரி விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். "தங்களது கடன்" என்றார். அதற்கப்புறம் வந்த நீளமான வார்த்தைகளின் மேல் விரல் நழுவிப் போனது. "தள்ளுபடி செய்யப்பட்டுள்ளது" என்று முடித்தார். அப்போது தேர்தல் சமயம். டிவியைத் திறந்தால் கடன் தள்ளுபடி, விவசாயக் கடன் தள்ளுபடி, நகைக் கடன் தள்ளுபடி என்றுதான் பேச்சு. வெள்ளத்தில் பொருள் போனவர்களுக்குப் பேங்கே பார்த்துத் தள்ளுபடி செய்துவிட்டது என்று தெருவே நம்பியிருக்கிறது. மாதாமாதம் தவணைக்கென்று எடுத்துவைக்கிற பணத்தில்தான் அந்த ஓவர்லாக் மெஷினை வாங்கியிருக்கிறார். அந்த லட்டுப் பெட்டி எதற்கு வந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்து, மனு தள்ளுபடி என்றால் கேட்டதைத் தரவில்லை என்று அர்த்தம் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அசிங்கமாக இருந்தது. கஸ்தூரி கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பிடின்னா இல்லன்னு எழுத வேண்டியதுதானே மேடம்? இல்லன்ற வார்த்த உங்க பேங்க்ல இல்லயா?"

ஒரு பெண் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். அந்த வீட்டுத் தண்ணீரைக் குடிக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

கிளைக்குத் திரும்பும் வழியில் மனசு வக்கீல் வேலை பார்த்தது. கடிதத்தில் பிழையே இல்லை. மனு தள்ளுபடி என்பது கோர்ட்டில் தினமும் எழுதுகிற தமிழ். வாடிக்கையாளர் தவறாகப் புரிந்துகொண்டார் என்று ஒரு வரி எழுதினால் என் தலை தப்பிக்கும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வு இன்டர்வியூ இருந்தது. அந்த ஒரு வரி எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது.

சாரிடம் போய் அந்த வரியையே சொன்னேன். வாடிக்கையாளர் தவறாகப் புரிந்துகொண்டுவிட்டார் சார் என்றேன். அவர் கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "பாக்கியம் படிச்சாங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். மணியை அடித்து இரண்டு டீ சொன்னார். பாக்கியம் டீயோடு வந்ததும் நகலைக் கொடுத்தார். பாக்கியம் கையைத் துடைத்துக்கொண்டு முழுதும் சத்தமாகப் படித்தார். படித்து முடித்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்ல சேதியாச்சே சார். யாருக்குத் தள்ளுபடி?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. பாக்கியம் எதையாவது தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று என்னையும் சாரையும் மாறி மாறிப் பார்த்தார். இல்லை அக்கா, தப்பு என்னுடையது என்றேன். அந்தக் கிளையில் சேர்ந்ததிலிருந்து நான் அவரை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

உட்கார்ந்து மண்டல அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். பழைய பழக்கம் போகுமா? முதல் வரைவில் "வாடிக்கையாளரின் புரிதலில் ஏற்பட்ட குழப்பம்" என்று எழுதியிருந்தேன். சார் அதைச் சிவப்பு மையில் அடித்தார். என் பிழை என்று மாற்றினேன். அதையும் அடித்து, கிளையின் பிழை என்று எழுதினார். எதற்கு சார் உங்களையும் இழுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். "லட்டு நானும் ஒண்ணு சாப்ட்டேன்ல" என்றார். நான் பார்த்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பிழையை ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது, முதல் மனுவில் விட்டுப்போன ஆதாரம் வேண்டும். மறுநாள் இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். கொட்டகைச் சுவரில் வெள்ளம் நின்ற இடத்தில் சேற்றுக் கோடு அப்படியே இருந்தது. அளந்து, டேப்பைப் பிடித்தபடியே படம் எடுத்தேன். காயில் சுற்றிய பில், சேற்றில் ஊறிய மூட்டைகள், வேலை நடக்கிறது என்பதற்குக் கழிவு மூட்டைகளின் எடை என்று எல்லாவற்றையும் சேர்த்து, தபாலை நம்பாமல் நானே மண்டல அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். இரண்டு நாள் வாசலில் காத்திருந்தேன். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. பட்டியல் தேதிக்கு முன்னால் ஒரு மாதத்து வட்டியாவது கணக்கில் வரவேண்டும். வந்தால் தவணையைத் தள்ளிவைப்பார்கள். அதற்கு நாலு நாள்தான் இருந்தது.

கஸ்தூரியிடம் கையில் ஒன்றுமில்லை, எல்லாம் மெஷினாகவும் நூலாகவும் நின்றது. தொழிற்சாலைப் பணம் வர மூன்று வாரமாகும். நான் கைப்பணத்தைக் கட்டிவிடுகிறேன் என்று சொன்னேன். சார் விதியைக் காட்டித் திட்டினார். கஸ்தூரி விதி தெரியாமலே திட்டினார். "உங்க தப்புக்கு நீங்க லெட்டர் எழுதிட்டீங்க. என் கடனுக்கு நான் கட்றேன். போங்க மேடம்" என்றார்.

மறுநாள் விடியலில் அவர் செய்த காரியம் எனக்குத் தோன்றவே தோன்றாது. சேற்றில் ஊறி, கறை படிந்து, தொழிற்சாலை வேண்டாம் என்று ஒதுக்கிய கையுறைகளை எல்லாம் அந்த ஆறு பெண்களும் அலசிக் காயப்போட்டிருந்தார்கள். கஸ்தூரி அவற்றைப் பழைய மீன் கூடையில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு மீன் மார்க்கெட்டுக்குப் போனார். மீன் வெட்டுகிறவர்கள், ஐஸ் தூக்குகிறவர்கள் எல்லாரும் பழைய ஆட்கள்தான். மாட்டிக்கொண்டு ஒரு வஞ்சிரத்தைப் பிடித்துக் காட்டியிருக்கிறார், வழுக்கவில்லை. கறை படிந்த கையுறை என்று அங்கே யார் கவலைப்படப் போகிறார்கள்? தாம்பரத்தில் ஒரு கூடை, பிறந்த ஊர்க் கரையில் இரண்டு கூடை என்று மூன்று நாளில் விற்றுவிட்டார்.

நாலாம் நாள் கிளை மூடுவதற்கு முன் கவுன்ட்டரில் வந்து நின்றார். நோட்டில் மீன் வாசனை அடித்தது. கேஷியர் மூக்கைச் சுளித்தான். "என்னுது கட்டிட்டேன் மேடம்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். நான் எழுந்து நின்றேன். சாரும் ரூம் வாசலில் வந்து நின்றிருந்தார்.

எனக்கு மெமோ வந்தது. கிளையின் பிழை என்று எழுதினாலும் கையெழுத்து என்னுடையதுதானே? பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று இருந்துவிட்டேன். அதற்கப்புறம் பாக்கியம் அக்கா படிக்காமல் என் மேஜையிலிருந்து ஒரு காகிதம் வெளியே போனதில்லை. அவர் ஊருக்குப் போயிருந்தால் கடிதமும் காத்திருக்கும்.

கஸ்தூரி கடனை முழுதும் கட்டி முடித்த அன்று, கணக்கு முடிந்ததற்கான கடிதத்தை எழுதினேன். "உங்கள் கடனை முழுவதும் கட்டிவிட்டீர்கள். இனி நீங்கள் எங்களுக்குத் தர வேண்டியது எதுவும் இல்லை." பாக்கியம் அக்கா படித்து, தலையாட்டி, டீ வைத்த பிறகுதான் கொடுத்தேன். கஸ்தூரி அதை இரண்டு தடவை படித்தார். பிறகு என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"மேடம், இது நெசமாலுமே இன்னா சொல்லுதோ அதானா, இல்ல இதுவும் உங்க தமிழா?"

தினேஷ், கதை இதுதான். உன் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கிளையில் இப்போது யார் டீ கொண்டுவருகிறார்கள் என்று அன்று போனில் உன்னைக் கேட்டேன், பட்டனை அழுத்தினால் மெஷின் தருகிறது என்றாய். பாக்கியம் அக்கா இப்போது மகளோடு ஊரில் இருக்கிறார், அவருக்குக் கண் தெரிவதில்லை. அதனால் நானே ஒரு வாசகம் எழுதி வைத்துக்கொண்டு கஸ்தூரிக்குப் போன் போட்டேன். இப்போது அவரிடம் இருபது மெஷின், பேச நேரமில்லை. ஒரு நிமிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு, எதற்கு என்று சொல்லாமல் படித்தேன்: "நீங்கள் கேட்ட கடனை இப்போது எங்களால் கொடுக்க முடியவில்லை. என்ன குறை என்று சொல்கிறோம், கிளைக்கு நேரில் வாருங்கள்."

கஸ்தூரி மெதுவாகக் கேட்டார்.

"அய்யோ பாவம். யாருக்கு மேடம் இல்லன்னுட்டாங்க?"

இதையே போடலாம், தினேஷ்.